மேக்னட் ஒட்டவில்லை என்றால் அது 304 ரக எவர்சில்வரா? லேசரால் உலோகக் கலவை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சின்ன உலோகப் பரிசோதனை அறை நடத்துகிறேன். அதற்கு முன்னால் கோவை ஃபவுண்டரிகளில் உலோகக் கலவை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷின் பக்கத்தில் பல வருடம் நின்றவன். இங்கே வருகிறவர்கள் டீ ஃபேக்டரி மெக்கானிக்குகள், வெல்டிங் பட்டறைக்காரர்கள், பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள். நடுநடுவே அண்டாவைத் துணியில் சுற்றிக்கொண்டு வரும் அக்காக்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். போனில் பாதி சொல்லி, சிக்னல் போய், மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

லேசர் பட்டவுடன் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எப்படித் தெரிகிறது?

கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியத்தின் வேலை அது. தீபாவளி மத்தாப்பில் பச்சை வருவது பேரியத்தால், சிவப்பு வருவது ஸ்ட்ரான்ஷியத்தால். சூடேறிய அணு தனக்கென்று உள்ள நிறங்களில்தான் ஒளி விடும். அலைநீளத்தில் சொன்னால், சோடியத்தின் மஞ்சள் 589 நானோமீட்டர். அடுப்பிலும் அதேதான், ஆய்வகத்திலும் அதேதான்.

எவர்சில்வரை அடுப்பில் வைத்து ஆவியாக்க முடியாது. அதற்குத்தான் லேசர். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி, ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம் மட்டும், தலைமுடி கனமுள்ள ஒரு புள்ளியில் குவிந்து விழுகிறது. அந்த இடத்து உலோகம் ஆவியாகி, பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடான பிளாஸ்மாவாகிறது, அதாவது மின்னேறிய வாயுவாகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம், ஊசிமுனை அளவு வெள்ளைப் பொறி, அவ்வளவுதான் வெளியே தெரிவது. அந்தப் பொறியின் ஒளியை ஃபைபர் வழியாக ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பிப் பிரித்தால் கோடு கோடாக நிறமாலை கிடைக்கும். செம்புக்கு 324.7, 327.4, துத்தநாகத்துக்கு 472.2, 481.0, குரோமியத்துக்கு 425.4. இருக்கிற கோடுகளை வைத்து எந்தெந்த உலோகம் என்று சொல்கிறோம், கோட்டின் பிரகாசத்தை வைத்து எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறோம்.

ஒரு நுணுக்கம். பொறி கிளம்பிய முதல் கணத்தில் பார்த்தால் எல்லா நிறமும் கலந்த வெறும் வெளிச்சம்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடி பொறுத்து, பிளாஸ்மா கொஞ்சம் ஆறிய பிறகு ஒளியை வாங்கினால்தான் கோடுகள் தனித்தனியே எழுந்து நிற்கும்.

இந்த முறையைச் சுருக்கமாக ‘லிப்ஸ்’ (LIBS, Laser-Induced Breakdown Spectroscopy) என்பார்கள். முதல் லேசர் வந்தது 1960-இல். அதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1962-லேயே சொல்லிவிட்டார்கள். பட்டறை வரைக்கும் வந்து சேரத்தான் பல வருடம் ஆகிவிட்டது.

கிரைண்டரில் தீப்பொறியைப் பார்த்தே பெரியவர்கள் இரும்பைச் சொல்லிவிடுவார்களே?

சொல்வார்கள், சரியாகவும் சொல்வார்கள். கார்பன் கூடுதலாக உள்ள இரும்பில் பொறி பூப்பூவாய் வெடிக்கும், மைல்டு ஸ்டீலில் நீள நீளமாய் ஓடும். ஆனால் அந்தக் கண்ணால் நிக்கல் எட்டு சதவீதமா நான்கா என்று சொல்ல முடியாது. காசு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மேக்னட் ஒட்டவில்லை. அப்போ 304 எவர்சில்வர்தானே?

வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். பதில்: இல்லை, அப்படிச் சொல்ல முடியாது.

304-இல் குரோமியம் 18 முதல் 20 சதவீதம், நிக்கல் குறைந்தது 8, மாங்கனீஸ் 2-க்கு மேல் போகாது. 202 என்று ஒரு ரகம் உண்டு. அதில் விலை உயர்ந்த நிக்கலைப் பாதியாகக் குறைத்து (4 முதல் 6), அந்த இடத்தை ஈடுகட்ட மாங்கனீஸை 7.5 முதல் 10 வரை ஏற்றியிருப்பார்கள். இரண்டுமே மேக்னட்டில் ஒட்டாது. இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு நேர்மாறாக, அசல் 304 தகட்டையே மடித்து அழுத்திப் பாத்திரம் கழுவும் சிங்க் செய்தால் அந்த மடிப்பில் மேக்னட் லேசாக ஒட்டும், ஏனென்றால் குளிர்நிலையில் வளைக்கும்போது உள்கட்டமைப்பு மாறுகிறது. அதைப் பார்த்து ‘டூப்ளிகேட்’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு டீ ஃபேக்டரி மெக்கானிக் தகட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சை இலை அரைபட்டு விழும் இடத்தில் போட்ட தகடு அது. பில்லில் 304 என்று போட்டிருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் வெல்டிங் ஓரமெல்லாம் தேநீர்க் கறை போல் பழுப்புப் புள்ளிகள். குன்னூரின் மழை தெரியும் அல்லவா, வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் சுவரே வியர்க்கும். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஐந்து இடத்தில் லேசர் அடித்துப் பார்த்தோம். நிறமாலையில் 403 நானோமீட்டர் பக்கம் மாங்கனீஸ் கோடுகள் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உயரமாக நின்றன. அசல் 304 மாதிரியை அடித்தால் அந்த இடம் இவ்வளவு உயராது. நம்பர் வருவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. மாங்கனீஸ் ஒன்பதை ஒட்டி வந்தது, நிக்கல் ஐந்தைத் தொடவில்லை. “மேக்னட் வெச்சுப் பாத்துதான் வாங்கினோம்” என்றார். அதேதான்.

202 மோசமான உலோகம் என்று நான் சொல்லவில்லை. கைப்பிடிக் கம்பிக்கும் நாற்காலிக்கும் போதும். 304 விலை வாங்கிக்கொண்டு 202 கொடுப்பதுதான் தவறு.

எக்ஸ்ரே துப்பாக்கி வைத்துப் பார்ப்பார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதுவும் நல்ல கருவி. எக்ஸ்ரே பட்டு அணுக்கள் திருப்பி விடும் எக்ஸ்ரேயை அளக்கிறது, பொருளில் புள்ளிகூட விழாது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மாதிரி கனமானவற்றில் அதன் நம்பரை நான் லேசரைவிட அதிகம் நம்புவேன். 304-க்கும் 316 என்ற இன்னொரு எவர்சில்வர் ரகத்துக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான், அதை எக்ஸ்ரே அலட்டிக்கொள்ளாமல் சொல்லும். ஆனால் லேசான தனிமங்களில் தடுமாறும். லித்தியம், பெரிலியம், போரான், கார்பன் எல்லாம் கையடக்க எக்ஸ்ரே கருவிக்குத் தெரியாது. லேசருக்கு அவை தெரியும்.

அப்படியானால் கார்பன் அளந்து தருவீர்களா?

தருவேன், ஆனால் இதில்தான் அதிகம் கவனம் வேண்டும், கட்டணமும் இதற்குத்தான் கூடுதல்.

மைல்டு ஸ்டீல் துண்டையும் இ.என்.8 என்ற ஷாஃப்ட் ஸ்டீல் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே இரும்பு, கொஞ்சம் மாங்கனீஸ். பெரிய வித்தியாசம் கார்பன்: ஒன்றில் 0.2 பக்கம், மற்றதில் 0.4 பக்கம். ஷாஃப்ட் கடையும்போது இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று லேத்காரர்களிடம் கேளுங்கள்.

கார்பனுக்கு இரண்டு கோடுகள் பயன்படும். 247.86-இல் ஒன்று, ஆனால் இரும்பின் கோடு ஒன்று அதே இடத்தில் வந்து நிற்கிறது. இரும்புக்கு ஆயிரக்கணக்கில் கோடுகள், அது யாருக்கும் இடம் விடாது. 193.09-இல் இன்னொன்று, அங்கே நெரிசல் குறைவு. ஆனால் அந்த ஆழ்ந்த புற ஊதா ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிவிடும். அதனால் ஆர்கான் வாயுவை ஊதி, காற்றை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். ஆர்கானில் பிளாஸ்மாவும் கூடுதல் சூடாக, கூடுதல் நேரம் நிற்கும், அது உபரி லாபம்.

இதற்குமேல் கிரீஸ், பெயின்ட், விரல் ரேகை. எல்லாவற்றிலும் கார்பன். 304-இலேயே கார்பன் குறைந்த வகையான 304எல் ரகத்தில் அனுமதி 0.03 சதவீதம்தான். கிரைண்டிங் செய்த இடத்தை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினால், நான் அளப்பது உங்கள் விரலை. தேய்த்த இடத்தைத் தொடாதீர்கள். எமரி வீலும் கார்பன் இல்லாததாக இருக்க வேண்டும். சிலிக்கான் கார்பைடு வேண்டாம், அலுமினா அல்லது ஸிர்கோனியா போதும்.

மெஷின் நம்பர் காட்டுகிறது. அதை அப்படியே நம்பலாமா?

மெஷினுக்குச் சதவீதம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம். கலவை ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட மாதிரித் துண்டுகளை முதலில் அடித்து, ‘இவ்வளவு வெளிச்சம் வந்தால் இவ்வளவு சதவீதம்’ என்று ஒரு அளவுக்கோடு போட்டு வைக்கிறோம். உங்கள் துண்டை அந்த அளவுக்கோட்டில் வைத்துப் படிக்கிறோம். எனவே எவர்சில்வருக்குப் போட்ட கோட்டில் அலுமினியத்தைப் படித்தால் குப்பைதான் வரும். ஒரே அளவு மாங்கனீஸ் இரும்பில் ஒரு மாதிரி ஒளிரும், அலுமினியத்தில் வேறு மாதிரி ஒளிரும்.

பித்தளை இதில் இன்னும் சேட்டை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், செம்புக்கு 2500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் லேசர் பட்டவுடன் துத்தநாகம் முந்திக்கொண்டு கிளம்பிவிடுகிறது, பிளாஸ்மாவில் அதன் பங்கு உண்மையைவிடக் கூடிவிடும். செம்பின் 324.7 கோடு வேறு, செம்பு அதிகமுள்ள பொருளில் ஏமாற்றும்: பொறியின் நடுவிலிருந்து வரும் ஒளியைச் சுற்றியுள்ள ஆறிய செம்பு அணுக்களே குடித்துவிடுகின்றன, கோட்டின் உச்சி நடுவில் குழிந்துபோகும். அந்த மாதிரிப் பொருளுக்கு 510.6, 521.8 என்ற பச்சைக் கோடுகளைத்தான் பார்ப்பேன்.

என் அறையில், 18 சதவீதக் குரோமியம் உள்ள மாதிரி 17.6-ஆகவோ 18.4-ஆகவோ வந்தால் அது சாதாரணம். 18.03 என்று இரண்டாம் தசமம் வரை அடித்துச் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஒரே துண்டில் இடத்துக்கு இடம் நம்பர் மாறுகிறதே?

சில உலோகங்கள் உண்மையிலேயே அப்படித்தான். கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பித்தளையில் காரீயம் சேர்ப்பார்கள். காரீயம் பித்தளையில் கரையாது, பொடிப்பொடி உருண்டைகளாக ஒதுங்கி நிற்கும். லேசர் புள்ளி உருண்டை மேல் விழுந்தால் காரீயம் அள்ளும், தள்ளி விழுந்தால் காணோம். பத்து இடத்திலாவது அடித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

மலை உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கருவியைக் கோவையில் வைத்து எல்லா மாதிரிகளையும் அடித்து, அளவுக்கோடெல்லாம் போட்டு, பத்திரமாக மேலே கொண்டுவந்தேன். முதல் நாளே அதே 304 மாதிரி சான்றிதழுக்குக் கீழே படித்தது. லென்ஸைத் துடைத்தேன், ஃபைபரை மாற்றினேன், விற்றவரிடம் போனில் கத்தினேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. குன்னூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான், ஊட்டியில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இங்கே பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். காற்று அமுக்குவது குறைந்தால் பிளாஸ்மா பெரிதாக விரிந்து சீக்கிரம் ஆறுகிறது, கோடுகளின் பிரகாசம் மாறிவிடுகிறது. மறுபடி எல்லா மாதிரியையும் இங்கேயே அடித்து அளவுக்கோடு போட்டதும் சரியானது. ஆர்கான் ஊதினாலும் இது போகாது, திறந்த முனையில் ஆர்கானின் அழுத்தமும் ஊர்க் காற்றின் அழுத்தம்தான்.

செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி, பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லாத காற்றில் இதே வேலையை ஏழு மீட்டர் தள்ளி நின்று செய்கிறது. நம் சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி நிலவில், காற்றே இல்லாத இடத்தில், 2023 ஆகஸ்டில் இதே முறையில்தான் தென் துருவத்துக்குப் பக்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. அந்தக் கருவி செய்யப்பட்டது பெங்களூரில்.

இன்னொரு மலைத் தொல்லை மூடுபனி. மதியம் பனி ஏறினால் சில்லென்ற உலோகத் துண்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். நிறமாலையில் 656.3-இல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு தலைதூக்கினால் ‘துடை’ என்று அர்த்தம். லென்ஸ் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரியவிடுகிறேன். அந்தக் காலத்துக் கேமராக்காரர்களின் பழக்கம், இன்றும் வேலை செய்கிறது.

அடிக்கும் இடத்தில் ஓட்டை விழுமா?

விழும், ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும். பேனா முனையால் தொட்டதைவிடச் சின்னப் புள்ளி. குழம்பு அண்டாவுக்கு ஒன்றும் ஆகாது. நகைக்கு வேண்டாம். தங்கத்துக்கு ஹால்மார்க் மையத்துக்குப் போங்கள், கடைசித் தீர்ப்பு அங்கே உருக்கிப் பார்ப்பதுதான்.

ஈயம் பூசிய பாத்திரத்தைப் பார்க்க முடியுமா?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. பேச்சில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்வதால் ஏமாற்றுகிறவருக்கு வசதி.

கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா, அம்மா காலத்துப் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்தார். புதிதாகப் பூச்சு போட்டிருந்தார்கள், வெள்ளி மாதிரி மின்னியது. ஒரே இடத்தில் லேசரை அடித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மைக்ரான் முன்பின் ஆழம் இறங்கும், வெங்காயம் உரிப்பது போல. முதல் அடியில் 393.4-இல் கால்சியம், 589-இல் சோடியம்: போர் தண்ணீரின் உப்பும் கைவேர்வையும். (அந்தக் கால்சியம் கோட்டின் வெளிச்சத்தில்தான் கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியனிலும் அண்டாவிலும் அது ஒரே இடத்தில்தான் நிற்கும்.) மூன்றாவது அடியில் அழுக்கு போய், 317.5-இலும் 326.2-இலும் வெள்ளீயம் சுத்தமாக எழுந்தது. கூடவே 405.8-இல் ஒரு கோடு. காரீயம். நாலாவது, ஐந்தாவது, பத்தாவது அடியிலும் அது போகவில்லை. அதன் பிறகு செம்பும் துத்தநாகமும் மெல்லத் தலைகாட்ட, வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தே இறங்கின. அடியிலுள்ள பித்தளையில் காரீயக் கோடு இருப்பதும் தெரியாமல் கிடந்தது. ஆக, காரீயம் வந்தது பூச்சிலிருந்து.

“இதுல பொங்கல் வெச்சிட்டேனே தம்பி” என்றார். பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கண் முன்னால் பூசச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். எக்ஸ்ரே கருவியும் காரீயம் இருப்பதைச் சொல்லியிருக்கும். பூச்சிலா, அடியிலா என்று பிரித்துச் சொல்வது அதற்குச் சிரமம்.

தோட்டத்தில் பழைய வெண்கலக் கிண்ணம் கிடைத்தது. எத்தனை வருடம் பழையது என்று சொல்வீர்களா?

வயதைச் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. முதலில் கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும்.

நீலகிரியின் கற்குவைகளில் (பழங்காலத்துப் புதைகுழிகளில்) அருமையான வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்திருப்பது உண்மை. 1870-களின் தொடக்கத்தில் இங்கே கமிஷனராக இருந்த பிரீக்ஸ் திறந்து சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தொல் உலோகங்களை ஆராயும் சாரதா சீனிவாசன் போன்றவர்கள் அந்த வகைக் கிண்ணங்களில் சிலவற்றில் வெள்ளீயம் இருபது சதவீதத்துக்கு மேல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். சாதாரண வெண்கலத்தில் அதில் பாதிதான் இருக்கும்.

மண்ணில் புதைந்த வெண்கலத்தில் மேல்தோலிலிருந்து செம்பு அரித்துப் போய், வெள்ளீயம் தங்கிவிடும். பச்சைக் களிம்பின் மேல் லேசரை அடித்துவிட்டு ‘நாற்பது சதவீத வெள்ளீயம்’ என்று எழுதினால் அது கிண்ணத்தின் கலவை ஆகாது, களிம்பின் கலவை. உள்ளே இறங்க வேண்டும், இறங்கினால் பழம்பொருளில் புள்ளி விழும். அந்த முடிவை எடுக்க வேண்டியது அருங்காட்சியகத்து ஆட்கள், நான் இல்லை.

கலவை சரியாக இருந்தால் பொருள் உறுதியாக இருக்குமா?

அந்தக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 23 சதவீத வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை மெதுவாக ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதையே செக்கச் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டி, தண்ணீரில் முக்கினால் மெல்லிய கிண்ணமாக நிற்கும், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். லேசருக்கு இரண்டும் ஒரே நிறமாலைதான். ஷாஃப்டும் அப்படியே: இ.என்.8 என்று நான் எழுதிக் கொடுப்பேன், கடினம் ஏற்றினார்களா என்பதற்கு ஹார்ட்னெஸ் டெஸ்ட்தான் பதில்.

பக்கத்தில் நின்று பார்க்கலாமா?

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம். 1064 ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து, இமை மூடிக்கொள்ளாது, விழித்திரையைச் சுட்டுவிடும். பளபளப்பான பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படியே. வெல்டிங் கண்ணாடி இதற்கு ஆகாது, இந்த அலைநீளத்துக்கென்று செய்தது என்னிடம் நாலு ஜோடி இருக்கிறது. மெக்னீசியம் சீவலைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவராதீர்கள், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கட்டியாகக் கொண்டுவாருங்கள்.

கொண்டுவரும் முன் என்ன செய்ய வேண்டும்?

தகடு என்றால் தீப்பெட்டி அளவுத் துண்டு போதும். பாத்திரத்தை முழுசாகவே கொண்டுவாருங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், அதன் மிச்சமும் நிறமாலையில் வந்து உட்காரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, துணியில் சுற்றினால் சரி. பழைய வெண்கலம் என்றால் கழுவக்கூட வேண்டாம். பதினொரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டால் ஒவ்வொரு துண்டையும் பல்புக்குக் கீழே வைத்து உலர்த்தியே எனக்குப் பாதிப் பொழுது போய்விடும்.